தனியாகத் தேறும், பக்கத்தில் தோற்கும்: காம்பொனென்ட் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் மஞ்சள் புடைப்புக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களுக்கு அந்தக் கற்களே வழி. கல் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பழுதில்லை. அதன்மேல் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டால் பாதை போச்சு. பட்டன், படிவப் பெட்டி, பாப்-அப் என்று இணையப் பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் காம்பொனென்டுகளைப் பார்வையற்றவர் போன்ற எல்லாராலும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கும்போதும் நாம் கல்லைப் பார்த்துவிட்டுப் பாதையை விட்டுவிடுகிறோம்.

எங்கள் குழுவிலேயே நடந்த கதை. முகவரி கேட்கும் பெட்டி ஒன்றை காம்பொனென்டுகளைத் தனித்தனியே காட்டும் ஸ்டோரிபுக்கில் திறந்து, இத்தகைய பிழைகளைத் தானாகத் தேடும் ஆக்ஸ் கருவியை ஓட்டினோம். ஒரு பிழையும் இல்லை. அப்புறம் அதே பெட்டியை ஒரு படிவத்தில் இரண்டு இடத்தில் வைத்தார்கள்: வீட்டு முகவரிக்கு ஒன்று, பொருள் அனுப்ப வேண்டிய முகவரிக்கு ஒன்று. பெட்டியை நிரலில் அடையாளம் காட்டும் ஐடியை உள்ளேயே நிலையாக எழுதியிருந்தோம். ஒரே ஐடி இரண்டு இருந்தால், பெட்டிக்குப் பெயர் தரும் லேபல் இரண்டும் முதல் பெட்டியோடுதான் ஒட்டிக்கொள்ளும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் முதல் பெட்டிக்கு இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னது. இரண்டாவதற்குப் பெயரே இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் தனி ஐடி உருவாக வேண்டும். சோதனைப் பக்கத்தில் குறைந்தது இரண்டு பிரதிகளாவது இருக்க வேண்டும்.

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்தப் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்காது.

நிறமும் அப்படித்தான். எல்லாரும் பயன்படுத்தக்கூடிய இணையப் பக்கங்களுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளி வேறுபாடு தேவை. #767676 சாம்பல் வெள்ளைப் பின்னணியில் 4.54, மயிரிழையில் தேறும். அதையே #F5F5F5 என்ற வெளிர் சாம்பல் பின்னணியில் வைத்தால் ஏறக்குறைய 4.17, தோற்றுவிடும்.

நம் ஊரில் அதிகம் மறக்கப்படுவது மொழி. பக்கம் மலாயில் இருக்கும். ஆயத்த நிரல் நூலகத்திலிருந்து எடுத்த பாப்-அப்பின் பெருக்கல் குறி பட்டனுக்குள் மட்டும் ‘குளோஸ்’ என்ற ஆங்கிலப் பெயர் ஒளிந்திருக்கும். கண்ணால் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. தமிழ்ப் பகுதிக்கு அதன் மொழி தமிழ் என்று குறிக்காவிட்டால், மலாய்க் குரலே அதையும் வாசிக்கப் பார்க்கும். தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது. ஆகவே காம்பொனென்டுக்குள் எந்தச் சொல்லையும் நிலையாக எழுதாதீர்கள், மொழியையும் வெளியிலிருந்து பெறுங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் மலாயும் தெரியும். கேட்க இயந்திரம்போலத்தான் இருக்கும், சோதனைக்கு அது போதும். பட்டனின் உயரத்தையும் பிக்சலில் கட்டிப்போடாதீர்கள். எழுத்தை மட்டும் 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் ‘கீ’யின் சுழியும் ‘ழு’வின் காலும் வெட்டுப்படும்.

பாப்-அப்பைத் தனியாகச் சோதிப்பதில் இன்னொரு கண்ணி உண்டு. பின்னால் பக்கமே இல்லாததால், டேப் விசை வெளியே நழுவுவதும், எஸ்கேப் அழுத்தி மூடியபின் ஃபோகஸ், அதாவது விசைப்பலகை நிற்கும் இடம், பாப்-அப்பைத் திறந்த பட்டனுக்குத் திரும்பாததும் யார் கண்ணிலும் படாது. நிஜப் பக்கத்தில் அது பயனரைப் பக்கத்தின் உச்சிக்கே தூக்கிப் போடலாம். நீண்ட படிவத்தில் பாதி நிரப்பியவர் மறுபடி டேப், டேப் என்று இறங்கி வர வேண்டும். மௌஸை ஓரமாக வைத்துவிட்டு ஒரு படிவத்தை முழுதாக நிரப்பிப் பாருங்கள், எரிச்சல் புரியும்.

கடைசித் தவறு, வெளியிட்ட பிறகு பார்வையற்ற ஒருவரை அழைத்து ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது. முன்பே அழையுங்கள். ஸ்டோரிபுக் இணைப்பைக் கொடுக்காதீர்கள், படிவத்தை முழுதாகக் கொடுங்கள். தே தாரிக்கோடு அனுப்பிவிடாமல் அவருடைய நேரத்துக்கு உரிய கூலியையும் கொடுங்கள்.