காட்டையும் காலநிலையையும் ஆராய வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

காடும் காலநிலை மாற்றமும் பற்றி ஆராய வருகிறவர்கள் பலர் நேரே கணினி முன் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். செயற்கைக்கோள் படங்கள் வேண்டியவைதான். ஆனால் செயற்கைக்கோள் எந்தக் காட்டையும் எடை போடுவதில்லை. தரையில் மரம் மரமாக அளந்த கணக்கோடு ஒப்பிட்டுத்தான் கார்பன் அளவைச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று தெரியாமல் தொடங்குவதை நான் பெரிய தவறாக நினைக்கிறேன்.

மரத்தின் எடையையும் அதிலுள்ள கார்பனையும் முக்கியமாக அதன் விட்டத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்த விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுப்பது வழக்கம். இதற்கான டேப்பில் ஒரு பக்கம் சுற்றளவு, மறுபக்கம் விட்டம். பக்கம் மாறிப் படித்தால் எண் 3.14 மடங்கு தப்பும். அதையாவது உடனே பிடித்துவிடலாம். டேப்புக்கு அடியில் ஒரு கொடி சிக்கினாலோ டேப் சாய்ந்தாலோ கூடுவது சில மில்லிமீட்டர்தான். ஆனால் வெப்பமண்டல மரங்கள் பலவும் ஒரு வருடத்தில் தடிப்பதே அவ்வளவுதான்! அடுத்த முறை கொடியை ஒதுக்கி அளந்தால் மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். அதனால்தான் அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போடுகிறோம். அடிமரத்திலிருந்து பலகை போல விரியும் பலகை வேர் வளர்ந்து கோட்டை எட்டிவிட்டால் அளக்கும் இடத்தை மேலே மாற்ற வேண்டும். அன்றைக்கே இரண்டு இடத்திலும் அளந்து இரண்டையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், அவசரம். மூன்று வருட ஆய்வில் ஒரு வறட்சியைப் பார்த்துவிட்டு காலநிலை மாற்றத்தால் காடு சாகிறது என்று எழுதிவிடக் கூடாது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டுத்துண்டில் 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதல் எல்லா மரங்களையும் 1980களின் தொடக்கத்திலிருந்து எண்ணி வருகிறார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் 1983இல் வந்த வறட்சியை ஒட்டி அதிகம் மரங்கள் செத்ததையும், பின்னால் அது தணிந்ததையும் அவர்களால் சொல்ல முடிந்தது, திரும்பத் திரும்பப் போய் எண்ணியதால். தனியாகப் புதுத் துண்டு தேடாமல் இப்படி ஏற்கெனவே அளந்துவரும் காட்டில் உங்கள் சிறிய கேள்வியோடு சேர்ந்துகொள்வது நல்லது. செத்த மரங்களைக் குறிக்காமல் விடாதீர்கள். மிச்சமிருப்பதை மட்டும் அளந்தால் எந்தக் காடும் செழிப்பாகத்தான் தெரியும்.

புள்ளியியலை முதல் வருடமே படித்துவிடுங்கள், தரவு சேர்ந்த பிறகு படித்தால் பிழையைத் திருத்த வழியிருக்காது.

கடைசியாக ஒன்று, எனக்கு மனசுக்கு நெருக்கமானது. பட்டையைச் சீவி, மோந்து பார்த்து இது என்ன மரம் என்று சொல்கிறவர் பெரும்பாலும் கூட வரும் உள்ளூர்க்காரர். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் இருக்காது. குறிப்பேட்டில் ‘இனம் சொன்னவர்’ என்று ஒரு கட்டம் போட்டு முதல் நாளிலிருந்தே நிரப்புங்கள்.