கோசுமல்லி ஏன் நீர் விடுகிறது? பச்சைக்காய், பழக் கலவைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

100 கிராம் வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீர்தான். அதை நறுக்கி, ஊறிய பாசிப்பருப்போடு கோசுமல்லியாகக் கலந்து, உப்புப் போட்டுப் பிசிறிக் கால் மணி நேரம் வைத்தால் கிண்ணத்தின் அடியில் நீர் கட்டிவிடும். மேலே பருப்பு சப்பென்றிருக்கும், அடியில் நிற்கும் நீர் கரிக்கும். கோசுமல்லி, தயிர்ப் பச்சடி, பழக் கலவை என்று அடுப்பில் அதிகம் வேகாத எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சேர்க்கிற வரிசை பிசகினால் ருசி போய்விடும்.

முதலில் கோசுமல்லி. நாலு பேருக்கு: பாசிப்பருப்பு 50 கிராம், நடுத்தர வெள்ளரிக்காய் ஒன்று, கேரட் பாதி, துருவிய மாங்காய் 2 டேபிள்ஸ்பூன், தேங்காய்த் துருவல் அதே அளவு, பச்சை மிளகாய் ஒன்று, எலுமிச்சை அரை மூடி, உப்பு அரை டீஸ்பூன், கொஞ்சம் கொத்தமல்லி. தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய், கடுகு, பெருங்காயம்.

பருப்பை ஊறவைக்கும்போதே முதல் தவறு நடந்துவிடும். காலையில் ஊறப்போட்டு மதியம் எடுத்தால் பருப்பு கொழகொழத்து, வெயில் காலமானால் லேசான புளிப்பு வாடையும் வந்திருக்கும். முக்கால் மணி நேரம் போதும். ஒரு பருப்பை எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள்: சுலபமாக இரண்டாக உடைய வேண்டும், ஆனால் மாவாக நசுங்கக் கூடாது. அந்தப் பக்குவத்தில் வடிகட்டியில் கொட்டிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு துணியில் பரப்பி ஒற்றி எடுக்க வேண்டும். பருப்பை வடிப்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். பருப்பில் ஒட்டியிருக்கும் ஈரமும் கிண்ணத்தில்தான் இறங்கும்.

வெள்ளரியை நறுக்குமுன் காம்புப் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த வில்லையை வாயில் போட்டுப் பாருங்கள். கசப்பைத் தரும் குக்குர்பிட்டாசின் என்ற பொருள் காம்பு முனையிலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் தங்கும். வெட்டிய முனையை வைத்துத் தேய்த்தால் நுரையோடு கசப்பு வெளியேறிவிடும் என்று பல வீடுகளில் தேய்ப்பார்கள். உண்மையில் உதவுவது அந்த முனையை வெட்டி எறிவதுதான், நுரை அல்ல. நடுவிலும் கசந்தால் அந்தக் காயையே தூக்கிப் போடுங்கள். உப்பு, எலுமிச்சை எதுவும் அதை மாற்றாது. கசப்பு அதிகமானால் வயிற்றையும் கலக்கும்.

பிறகு காயை நீளவாக்கில் நான்காக வகுந்து, நடுவே இருக்கும் விதைப் பகுதியைச் சீவிவிட வேண்டும். பிஞ்சு என்றால் தேவையில்லை. துருவாதீர்கள், துருவினால் செல்கள் எல்லாம் உடைந்து அப்போதே நீர் வடியத் தொடங்கும். பொடியாக நறுக்குங்கள்.

உப்புக்கு வழி இரண்டு. பரிமாறும் நிமிடத்தில் சேர்ப்பது ஒன்று. இல்லையென்றால் நறுக்கிய வெள்ளரியில் மட்டும் முதலிலேயே உப்பைப் பிசிறி, வடிகட்டியில் கால் மணி நேரம் வைத்து, கையால் பிழிந்துவிட்டுக் கலப்பது. பிழிந்தபின் ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மேற்கொண்டு உப்பு. இரண்டுக்கும் நடுவில், எல்லாவற்றையும் கலந்து உப்பும் போட்டு மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போவதுதான் தவறு. விருந்துச் சமையலில் கைதேர்ந்தவர்கள் இலை போட்ட பிறகுதான் கோசுமல்லிக்கு உப்பும் எலுமிச்சையும் சேர்ப்பார்கள்.

தாளிப்பை வாணலியிலிருந்து நேராக ஊற்றினால் கொத்தமல்லி கறுக்கும், வெள்ளரி வதங்கும். இரண்டு நிமிடம் ஆறட்டும். தேங்காய் கடைசியில். மாங்காய் நல்ல புளிப்பு என்றால் எலுமிச்சையைப் பாதியாகக் குறையுங்கள்.

தயிர்ப் பச்சடிக்கும் இதே கணக்கு. தக்காளியின் விதையும் கொழகொழப்பும் தயிரில் கலந்தால் பத்தே நிமிடத்தில் மோராகிவிடும், ஆகவே சதையை மட்டும் நறுக்குங்கள். வெங்காயம் நெடியடித்தால், நறுக்கிக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு வடித்துவிட்டால் காரம் தணியும். தயிரையும் மெல்லிய துணியில் இருபது நிமிடம் வடியவிட்டால் பச்சடி இலையில் ஓடாது.

வாழைத்தண்டைப் பச்சையாகச் சேர்ப்பவர்கள் வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து, துண்டுகளை மோர் கலந்த நீரில் போடுவார்கள். வெறும் தண்ணீரில் போட்டால் கறுத்துவிடும். நறுக்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் ஒரு நொதி வேலை செய்து நிறத்தை மாற்றுகிறது. மோரின் புளிப்பு அதை மந்தமாக்குகிறது. ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழம் கறுப்பதும் இதே நொதியால்தான். மோர் ஏற்கெனவே தெரிந்த வீட்டில் ஆப்பிளுக்கு மட்டும் ஏன் உப்புத் தண்ணீரைத் தேடுகிறார்கள் என்பது விளங்காத விஷயம். உப்பு நீரிலும் கறுக்காதுதான், ஆனால் பழத்தில் உப்புக் கரிக்கும். இரண்டு கப் நீரில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, அதில் மூன்று நிமிடம், அவ்வளவுதான். அதைவிடச் சுலபம், கிண்ணத்தில் முதலில் ஆரஞ்சையோ சாத்துக்குடியையோ உரித்துப் போட்டு, அந்தச் சாற்றில் ஆப்பிளைப் புரட்டிவிடுவது. மாதுளை நிறம் விடும், வாழைப்பழம் குழையும். இரண்டையும் கடைசியில் சேருங்கள்.

அன்னாசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பச்சை அன்னாசித் துண்டுகளைத் தயிரிலோ பாலிலோ கலந்து அரை மணி நேரம் வைத்தால் நீர்த்துப்போய்க் கசக்கத் தொடங்கும். பால் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பால்காரரைத் திட்டுவார்கள். அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதால் வரும் கசப்பு அது. ஜெலட்டின் போட்ட ஜெல்லி பச்சை அன்னாசியோடு உறையாமல் போவதும் இதனால்தான். சூடு பட்டால் இந்த நொதி செயலிழந்துவிடும். அதனால் துண்டுகளை இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரையோடு நன்றாகக் கொதி வந்தபின் ஐந்து நிமிடம் வேகவிட்டு, முழுக்க ஆறிய பிறகு தயிரில் சேர்க்க வேண்டும். கேரளத்து அன்னாசிப் பச்சடியில் பழத்தை வேகவைப்பது இந்தச் சிக்கலையும் தீர்த்துவிடுகிறது. டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு பட்டதுதான். ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி போட்டால் நொதி ஒன்றும் செய்யாது, அது புரதமே இல்லை. பப்பாளியிலும் இதே மாதிரி ஒரு நொதி உண்டு. பப்பாளி மில்க் ஷேக்கை அடித்த உடனே குடித்துவிடுங்கள்.

கஸ்டர்டில் செய்யும் தவறுகள் இரண்டுதான். கஸ்டர்டு மாவைச் சூடான பாலில் நேராகக் கொட்டுவது முதல் தவறு; கட்டிகட்டியாகிவிடும். அரை லிட்டர் பாலுக்கு 2 டேபிள்ஸ்பூன் மாவு. அதைக் கால் கப் குளிர்ந்த பாலில் கரைத்து, கொதிக்கும் பாலில் கிளறிக்கொண்டே ஊற்றி, சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் போதும். ஆறினால் இன்னும் கெட்டிப்படும் என்பதால் கரண்டியில் மெல்லிய படலமாக ஒட்டும்போதே இறக்குங்கள். இரண்டாவது தவறு, ஆறுவதற்குள் பழத்தைப் போடுவது. பழம் வெந்து நீர் விட்டுக் கஸ்டர்டு தளர்ந்துவிடும். ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் குளிர்ந்த பிறகே பழம். ஆரஞ்சும் தர்பூசணியும் கஸ்டர்டுக்கு ஆகாது. ஒன்று பாலைத் திரிக்கும், மற்றது நீராக்கும். சப்போட்டா, மாம்பழம், திராட்சை, ஆப்பிள் அருமையாகச் சேரும்.

வெட்டிய பழத்தின் மேல் சர்க்கரையைத் தூவி வைப்பதும் உப்புக் கதைதான். சாறு வேண்டுமென்றால் வேண்டுமென்றே அப்படிச் செய்யலாம்: ஸ்ட்ராபெர்ரிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, இருபது நிமிடம், நல்ல பாகு கிடைக்கும். சாறு வேண்டாமென்றால் சர்க்கரையைத் தொடாதீர்கள்.

நீரை அறவே ஒதுக்கிய பழக் கலவை பழனிப் பஞ்சாமிர்தம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஈரம் குறைந்த விருப்பாச்சி மலைவாழை, சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. வீட்டில் செய்பவர்கள் சாறு அதிகமுள்ள வாழைப்பழத்தை மிக்ஸியில் அடித்து, ஈரக் கரண்டியால் எடுத்துவிட்டு, இரண்டே நாளில் நுரைத்துவிட்டது என்று குறைப்படுவார்கள். கையால் பிசையுங்கள், காய்ந்த கரண்டி போடுங்கள்.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாம்பழமும் நுங்கும் தர்பூசணியும் கோடைக்கு, நாவல் ஆனி ஆடிக்கு, சீதாப்பழம் ஆவணி புரட்டாசிக்கு, நெல்லிக்காய் குளிருக்கு. மார்கழியில் மாம்பழக் கலவைக்கு ஆசைப்பட்டால் விலையும் அதிகம், வாசனையும் இருக்காது. பழுக்காத மாங்காயை ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது தடைப்பட்டு ருசியில்லாமல் போகும். வெளியே காகிதத்தில் சுற்றிப் பழுக்கவிட்டு, பழுத்த பிறகு குளிர வையுங்கள்.

தர்பூசணியை வெட்டுவதற்கு முன் தோலைக் கழுவ வேண்டும். தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் கத்தி உள்ளே இழுத்துப் போகும். மீன் நறுக்கிய பலகையில் பழம் நறுக்குவதை விளக்கவே வேண்டாம். வெட்டிய பழத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

டிபன் பாக்ஸில் கொடுத்து அனுப்பும் சாலட்டுக்கு அடுக்கும் வரிசை இது: அடியில் எலுமிச்சைச் சாறும் உப்பும், அதன்மேல் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து ஆறவிட்ட முளைப்பயறு, பிறகு கேரட், மேலே வெள்ளரி, உச்சியில் கொத்தமல்லி. சாப்பிடும்போது மூடியை இறுக்கி நாலு குலுக்கு குலுக்கினால் போதும். பள்ளியில் மதிய மணி அடிக்கும்போதும் வெள்ளரி கடித்தால் சத்தம் வரும்.