ஸ்லோடைவின் ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’: முதல் தடவை கேட்பவர்களுக்கு

ஸ்லோடைவ் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் இந்த ஆல்பத்தை முதல் தடவை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். போன் ஜன்னல் திட்டில் இருந்தது, ஸ்பீக்கரில் ஓடியது. மூன்றாவது பாட்டு வருவதற்குள் மனைவி எட்டிப் பார்த்து, “ஏங்க, யாரோ தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு, மாத்துங்க” என்றாள். மாற்றிவிட்டேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் கேட்ட விதம்தான் தப்பு.

அப்போது நாங்கள் இங்கிலாந்தில் ரெடிங்கில் குடியிருந்தோம். (எழுத்தைப் பார்த்து ‘ரீடிங்’ என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது தனிக்கதை.) லண்டன் பாடிங்டனிலிருந்து வேகமான ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஸ்லோடைவ் 1989-இல் தொடங்கியது அந்த ஊரில்தான் என்பதே குடிபோய் மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு ஒரு ரோஷம். நம்ம ஊர் பேண்டை ஒழுங்காக ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் காஸ்வெல் இருவரும் சிறு வயது நண்பர்கள், இருவருமே பாடி கிடாரும் வாசிப்பவர்கள். இன்னொரு கிடார் கிறிஸ்டியன் சாவில், பேஸ் கிடார் நிக் சாப்லின், டிரம்ஸ் சைமன் ஸ்காட். 1991, 1993, 1995 என்று மூன்று ஆல்பம் போட்டார்கள். அன்றைய இசைப் பத்திரிகைகள் கிண்டலடித்தே தீர்த்தன. மூன்றாவது வெளிவந்த கையோடு, அவர்கள் ஆல்பங்களை வெளியிட்டுவந்த கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அவர்களைக் கழற்றிவிட்டது. அப்புறம் 2014-இல் மறுபடி மேடையேறி, 2017-இல் 22 வருட இடைவெளிக்குப் பிறகு ஓர் ஆல்பம், 2023 செப்டம்பர் 1-இல் இது. ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர்கள் சேர்ந்து செய்தது.

ரசிகர்களிடம் கேட்டால் 1993-இல் வந்த ‘சூவ்லாக்கி’யிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அதில் கிடார்கள் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கும். பழகாத காதுக்கு ஒரே மூட்டமாகத் தெரியும். 2023 ஆல்பத்தில் மூட்டம் இருக்கிறது, ஆனால் எந்தச் சத்தம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பழக அதுதான் வசதி.

சரி, கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். இயர்போனில் கேளுங்கள், இரண்டு காதிலும். பஸ்ஸில் கண்டக்டர் குரல் கேட்பதற்காக ஒரு காதை மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கும் உண்டு. இந்த ஆல்பத்துக்கு அது உதவாது, பாதி இசை வெளியே போய்விடும். விலை அதிகமான இயர்போன் தேவையில்லை, ஆனால் அதில் அடித்தளச் சத்தத்தைக் கூட்டும் ‘பேஸ் பூஸ்ட்’ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது போட்டால் கிடார் எல்லாம் சேறாகிவிடும். பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளையும் அணையுங்கள். எட்டே பாட்டு, மொத்தம் 42 நிமிடத்துக்குள். விளக்கை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் கேட்க முடிகிற நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது காது விஷயம். மனைவி சொன்ன தண்ணித் தொட்டி இங்கேதான் வருகிறது. நம் சினிமாப் பாட்டில் குரல்தான் ராஜா. வயலினோ தபலாவோ குரல் வந்ததும் ஒதுங்கி வழிவிடும். வரி ஒன்றுகூடத் தப்பாமல் கேட்கும். அந்தப் பழக்கத்தோடு ஸ்லோடைவிடம் போனால் ஏமாற்றம்தான். இங்கே குரலும் இன்னொரு கிடார் மாதிரி. வேண்டுமென்றேதான் அதைச் சத்தத்துக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் முதல் தடவை வரிகளைத் தேடாதீர்கள், போனில் பாடல் வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். கிடாரைப் பின்தொடருங்கள்.

அந்தக் கிடார் ஏன் கிடார் மாதிரியே கேட்பதில்லை என்று தெரிந்தால் பின்தொடர்வது சுலபம். எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றுக்குள் குனிந்து ‘ஓய்’ என்று கத்தினால், ‘ஓய்’ திரும்பி வரும், அதற்குப் பின்னால் ஒரு ‘ஊஊ’ மிச்சம் நின்று மெல்லக் கரையும். திரும்பி வருவது டிலே, கரைவது ரிவர்ப். தந்தியை ஒரு தடவை தட்டினால் டிலே அதை மூன்று, நான்கு தடவை திருப்பிச் சொல்லும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கலாக. அதை ரிவர்புக்குள் அனுப்பினால் தட்டிய சத்தமே மறைந்து, புகை மட்டும் மிஞ்சும். தொண்ணூறுகளில் இவர்கள் இதற்கு யமஹா எஃப்எக்ஸ்500 என்ற ஒரு சின்னப் பெட்டியை வைத்திருந்தார்கள். அதிலிருந்த ‘சாஃப்ட் ஃபோகஸ்’ என்ற ஒரு ஒலி அமைப்பு இவர்களால் எவ்வளவு பிரபலமாகிவிட்டது என்றால், பின்னாளில் அதே பெயரில் தனி பெடலே (காலால் மிதித்து கிடார் ஒலியை மாற்றும் பெட்டி) வந்தது. மேடையில் காலடியில் வரிசையாகக் கிடக்கும் பெடல்களையே குனிந்து பார்த்துக்கொண்டு வாசித்ததால்தான் இந்த வகை இசைக்கு ‘ஷூகேஸ்’, அதாவது செருப்பைப் பார்ப்பது, என்று பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

முதல் பாட்டு ‘ஷாண்டி’. இதை மட்டும் மூன்று தடவை கேட்டாலும் நேரம் வீணில்லை. ஆரம்பத்தில் கிடாரே இருக்காது. மின்னணு முறையில் ஒலி எழுப்பும் ஒரு சிந்தசைசர், தையல் மெஷின் போல ஒரே சீராகக் குத்திக்கொண்டு போகும். ஹால்ஸ்டெட் இந்த ஆல்பத்தை முதலில் மின்னணு இசையாகத்தான் யோசித்துத் தொடங்கினார். பிறகு ஐந்து பேரும் சேர்ந்து அதைக் கிடார் பக்கம் இழுத்தார்கள். அந்த இழுப்பை இந்தப் பாட்டிலேயே கேட்கலாம். கிடார்கள் ஏறி வரும்போது சிந்தசைசரை விட்டுவிடாமல் காதில் பிடித்துக்கொண்டே இருங்கள். அது நிற்கவில்லை, அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று தெரியும்போது, மேலே இருக்கும் கிடார் எவ்வளவு பெரியது என்பதும் தெரிந்துவிடும். எனக்கு இது புரிந்தது பாடிங்டன் ரயிலில், வழியில் வரும் ஸ்லௌ (Slough) ஸ்டேஷனைத் தாண்டிய இடத்தில். வண்டிச் சத்தமும் கூடச் சேர்ந்துகொண்டது, அது வேறு விஷயம்.

இரண்டாவது ‘பிரேயர் ரிமெம்பர்ட்’டில் பாட்டே கிடையாது, இசை மட்டும். குரலைத் தேடும் பழக்கத்தைக் கைவிட இதைவிட நல்ல பயிற்சி இல்லை. அடுத்த ‘அலைஃப்’பில் இரண்டு குரலும் வரும், அப்போது ரேச்சலின் குரல் எங்கே முடிகிறது, கிடார் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ‘ஆண்டலூசியா பிளேஸ்’ மிக மெதுவானது, அவசரமே இல்லாமல் நகரும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் எழுந்து போவார்கள். போகாதீர்கள், அடுத்து ‘கிஸ்ஸஸ்’ இருக்கிறது. நாலு நிமிடத்துக்குள் முடிகிற, முணுமுணுக்கக்கூடிய மெட்டு. என் மனைவிக்கு இப்போதும் பிடித்த ஒரே ஸ்லோடைவ் பாட்டு.

‘ஸ்கின் இன் த கேம்’ நன்றாகத்தான் இருக்கிறது, சொல்ல அதிகமில்லை. ‘செயின்டு டு அ கிளவுட்’ மறுபடியும் சிந்தசைசர் சுழற்சி, நீளமானது. கடைசி ‘த ஸ்லாப்’ பெயருக்கேற்ற மாதிரி கற்பலகைதான்: டிரம்ஸ் கனமாக விழும், கிடார் சுவராக நிற்கும். இதற்கு மட்டும் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். முழு ஆல்பத்துக்கும் கூட்டாதீர்கள், காது களைத்துவிடும்.

ஒன்றை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். 2020-இல் ரேச்சலின் அம்மாவும் சைமனின் அப்பாவும் இறந்தார்கள். ஆல்பம் அவர்கள் இருவருக்கும் சமர்ப்பணம். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு கேட்டால் எல்லாப் பாட்டிலும் துக்கத்தைத் தேடுவோம். நான் அப்படித்தான் ஒரு வாரம் தேடினேன், கிடைக்கவில்லை. ஒப்பாரி இதில் கிடையாது. இழவு வீட்டில் எல்லோரும் போன பிறகு, மாலையில் வீட்டுக்காரர்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார்களே, அந்த மாதிரி. இரண்டாவது தடவை கேட்கும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்துவிட்டால் அடுத்து 2017 ஆல்பம், அதில் ‘சுகர் ஃபார் த பில்’. அப்புறம் ‘சூவ்லாக்கி’. 1995-இன் ‘பிக்மேலியன்’ கடைசியில். அது ஏறக்குறைய வெறும் அறை மாதிரி, பொருள் குறைவு.

இன்னொன்று, ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். நான் மறந்த அன்று, ‘த ஸ்லாப்’ முடிந்து அந்தக் கடைசிச் சத்தம் கரைந்துகொண்டிருக்கும்போதே, ஆப் என்ன நினைத்ததோ, இருட்டு அறையில் முழு வால்யூமில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டது. பக்கத்து அறையிலிருந்து, “இப்பதாங்க நல்லா இருக்கு” என்று குரல் வந்தது.