வேலை போய்விட்டதா? மலையகத்தில் எந்தக் கதவைத் தட்டுவது, எதில் கையெழுத்திடக் கூடாது

தமிழகத்திலிருந்து இலங்கையின் மலையகத்துக்கு வந்து வேலையை இழந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பி.எஃப். பணத்தை எப்போது எடுக்கலாம்?" ஆண் என்றால் 55 வயதில், பெண் என்றால் 50 வயதில் என்பேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். 2020 இல் தொழில் அலுவலகத்தின் மரப்பெஞ்சில் உட்கார்ந்து இதே பதிலைக் கேட்டபோது நானும் அப்படித்தான் சிரித்தேன்.

இலங்கையில் வேலை இழந்தவருக்கு மாதாமாதம் பணம் தரும் அரசுக் காப்புறுதி கிடையாது. கனடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள், பெயரைப் பதிவு செய்யும் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். அப்படி ஒரு ஜன்னலே இல்லை. தமிழகத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு உள்ளவருக்குச் சில நிபந்தனைகளோடு 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதியைத் தரும் திட்டம் உண்டு. அதற்கு ஈடானதும் இங்கே இல்லை. வேலை போகும் நேரத்தில் கைக்கு வரக்கூடியவை தனித்தனிச் சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்; நாம்தான் போய்க் கேட்க வேண்டும். சிலவற்றைக் கேட்பதற்குக் காலக்கெடு உண்டு.

அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரியாமல் நான் பட்டது போதும்.

கோத்தகிரியில் பிறந்தவன் நான். பெற்றோர், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்த மலையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். 2015 ஜூலையில் ஒரு சுற்றுலா விடுதியில் கணக்கர் வேலை கிடைத்து நான் திரும்பி வந்தேன். 2020 மே மாதம் விருந்தினர்களே இல்லை. முகாமையாளர் என்னை அழைத்து, கடைசி மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். பணம் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டு என்றார். கையெழுத்திட்டேன். வீட்டுக்கு வந்ததும் மாமனார் அதன் நகலை எழுத்துக்கூட்டி வாசித்தார்: "சொந்த விருப்பத்தின் பேரில் சேவையிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

அந்த ஒரு வரியின் விலை என்ன என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனம், முந்தைய 12 மாதங்களில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் (தவறு செய்தார் என்ற ஒழுங்கு நடவடிக்கை) இல்லாமல் நிறுத்த வேண்டுமானால், அவருடைய சம்மதத்தையோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியையோ முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். "வியாபாரம் இல்லை, ஆள் வேண்டாம்" என்று இஷ்டத்துக்கு அனுப்பிவிட முடியாது. அனுமதியோடு நிறுத்தினாலும் நட்டஈடு உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்பது அதன் கணக்கு. எனக்கு நான்கு முழு ஆண்டுகள் சேவை. ஆக, பத்து மாதச் சம்பளம். விலகல் கடிதம் கொடுத்தவனை யாரும் நிறுத்தவில்லையே! அந்தச் சட்டத்தின் கதவு எனக்கு அன்றே சாத்தப்பட்டுவிட்டது.

ஆகவே, வேலை போகும் நாளில் எந்தத் தாளை நீட்டினாலும் உடனே கையெழுத்திடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்வது முரட்டுத்தனம் ஆகாது. பணம் பெற்றதற்கு மட்டும் கையெழுத்துக் கேட்டால், தமிழில் உங்கள் கைப்படவே "இன்ன மாதச் சம்பளம் மட்டும் பெற்றேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். வாயால் சொல்லி அனுப்பியிருந்தால், "இன்ன தேதி முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று கூறினீர்கள், காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, தபால் அலுவலகச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒழுக்காற்றுக் காரணம் என்று சொல்லும் முதலாளி, நிறுத்திய பின் இரண்டாவது வேலை நாளுக்குள் அந்தக் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

முறைப்பாடு செய்ய உங்களுக்கு ஆறு மாதம் இருக்கிறது. ஊரில் நாம் புகார் என்பதை இங்கே முறைப்பாடு என்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் இங்கே கிராம உத்தியோகத்தர்; தாசில்தார் அலுவலகத்துக்கு நெருக்கமானது பிரதேச செயலகம். முறைப்பாடு போவது தொழில் திணைக்களத்துக்கு. ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று மலையகத்தின் பெரிய ஊர்களில் அதன் அலுவலகங்கள் உள்ளன. தொழில் உத்தியோகத்தர் இரு தரப்பையும் விசாரணைக்கு அழைப்பார். பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான பணம், கட்டாமல் விட்ட சேமலாப நிதி (இங்கத்தைய பி.எஃப்.) எல்லாவற்றையும் அதே முறைப்பாட்டில் எழுதுங்கள். 15 பேருக்குக் குறைவான இடமென்றாலோ, ஒழுக்காற்றுக் காரணம் காட்டி நீக்கியிருந்தாலோ, போக வேண்டிய இடம் தொழில் நியாயசபை, அதாவது தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் மன்றம். அதற்கும் ஆறு மாதம்தான். அங்கே நீங்களே வழக்காடலாம், தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டியிருந்தால் சங்கத்தின் பிரதிநிதி வருவார். ‘அடுத்த சீசனில் கூப்பிடுகிறோம்’ என்ற வாக்குறுதியை நம்பி ஏழாவது மாதம் என்னிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேநீர் தருவதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது அதிகமில்லை.

அடுத்தது பணிக்கொடை. தோட்டங்களில் இதைச் சேவைக்காலப் பணம் என்பார்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இது. ஐந்து ஆண்டு சேவை முடிந்திருக்க வேண்டும். நிறுவனத்தில் 15 பேராவது இருந்திருக்க வேண்டும். நீங்களாக விலகினாலும், அவர்கள் நிறுத்தினாலும் உரிமை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தில்தான் கணக்கு. 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 12 ஆண்டு முடித்த ஒருவருக்கு 168 நாட் சம்பளம், அதாவது 2,26,800 ரூபாய். வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். என் சேவை நான்கு ஆண்டு பத்து மாதம். இரண்டு மாதக் குறையை எந்த உத்தியோகத்தரும் மன்னிக்க முடியாது. ஐந்தாம் ஆண்டு நெருங்கும் நேரத்தில் கோபித்துக்கொண்டு வேலையை விடாதீர்கள். முதலாளியை எவ்வளவு வெறுத்தாலும் சரி.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செக்ரோலில் (தோட்டத்தின் வருகைப் பதிவேட்டில்) பேர் விழும் வேலை வேறு, கைக்காசுக்குப் பறிக்கும் தேயிலைக் கொழுந்து வேறு. கைக்காசு அன்றைக்கே கையில் கிடைக்கும் என்பதால் பலரும் விரும்புகிறார்கள். ஆனால் நடைமுறையில் அந்த நாட்களுக்குச் சேமலாப நிதி கட்டப்படுவதில்லை. சேவைக்காலத்தை நிரூபிக்கும்போதும் அந்த நாட்கள் தாளில் இருக்காது. மாதச் சம்பளத் துண்டைக் கூரைத் தகரத்தின் இடுக்கில் செருகி வைக்கும் பழக்கம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) உண்டு. மழையில் நைந்து போகும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

இனி நிதியங்கள். இரண்டு உண்டு, பெயர்கள் ஒலிப்பில் ஒன்றுபோல் இருப்பதால் எல்லாரும் குழம்புகிறார்கள். ஈ.பி.எப். என்பது ஊழியர் சேமலாப நிதி. 1958 முதல் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். தற்காலிக ஊழியர் என்றாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். வேலை போனது என்பதற்காக மட்டும் இதை எடுக்க முடியாது, தமிழகத்துப் பி.எஃப். பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். வயது வந்தால், நிரந்தர அங்கவீனம் ஏற்பட்டால், நிரந்தர ஓய்வூதிய உரிமையுள்ள அரச வேலை கிடைத்தால், பெண்கள் திருமணத்தை முன்னிட்டு வேலையை விட்டால், நாட்டை விட்டு நிரந்தரமாகப் போனால் எடுக்கலாம். கடைசிக் காரணம் இந்தியக் கடவுச்சீட்டோடு வேலைக்கு வந்தவர்களுக்குப் பயன்படும். விண்ணப்பத்துக்குக் கே படிவம். விடுதி மாறி வேலை பார்த்தவர்கள் எல்லா இடத்து அங்கத்துவ இலக்கங்களையும் எழுதி வையுங்கள். பத்தாண்டுக்குப் பிறகு மூடிப்போன விடுதியில் போய் இலக்கம் கேட்க முடியாது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் பழையதன் நகலையும் வைத்திருங்கள். நிதியப் பதிவில் பழைய இலக்கம் இருக்கக்கூடும்.

ஈ.ரி.எப். என்பது 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்டுகிறார். நம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. வேலையை விட்டதும், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, வயதைப் பார்க்காமல் எடுக்கலாம். எனக்குக் கிடைத்த ஒரே பணம் இதுதான். பெரிய தொகை இல்லை. மூன்று மாத வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் சரியாகப் போயிற்று. அப்போது அது எனக்குப் பெரிய தொகையாகத்தான் இருந்தது.

இந்த விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் பெயர். மலையகத்தாருக்கு அது பழைய நோய்: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. தமிழ்ப் பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பும்போது முருகையா வேறு யாரோ ஆகிவிடுகிறார். நமக்கோ தகப்பன் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்ற சிக்கல். வேலையில் சேரும் நாளிலேயே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள்.

கையில் எதுவுமே இல்லாத குடும்பங்களுக்கு அஸ்வெசும இருக்கிறது. 2023 இல் தொடங்கிய நலன்புரிக் கொடுப்பனவு அது. வேலை போனது என்பதற்காகத் தரப்படுவதில்லை. குடும்பத்தின் வறுமையை அளந்து தருகிறார்கள். விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது. கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு, அழைக்கும் காலத்தில் போட வேண்டும். தமிழகத்து அகதி முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் பணத்தைத் தேடுமுன் அடையாள அட்டையைத் தேட வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் பெறாவிட்டால், மற்ற வேலைகள் எதுவும் நகராது. பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் இருந்தால் பெயரைப் பதிந்து வையுங்கள். பணம் தரமாட்டார், வேலை காலியாக இருக்கும் இடத்தைச் சொல்வார்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேறொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். வதிவிட விசா உங்களை வேலைக்கு எடுத்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு உடனே போங்கள். தொழில் முறைப்பாட்டின் நகலையும் கொண்டுபோங்கள், ஆனால் வழக்கு நடக்கிறது என்பதால் விசா தானாக நீளும் என்று எண்ண வேண்டாம். மனைவி இந்த ஊர்க்காரர் என்பதால் நான் தப்பித்தேன்.

மொழிக்குப் பயப்படாதீர்கள். தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. தமிழில் எழுதிக் கொடுக்கவும், தமிழில் பதில் கேட்கவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. நடைமுறையில் சிங்களக் கடிதம்தான் வரும் என்றால், அதே கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்த் தமிழில் கேளுங்கள். கோபமில்லாமல், ஆனால் இருக்கையை விட்டு எழாமல் கேளுங்கள். போகும் நாள் போயாவா என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிதோறும் அரசு விடுமுறை என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நினைவில் நிற்பதில்லை. இரண்டு பஸ் மாறி வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

ஒன்றை விட்டுவிட்டேன். லயத்தில் இருப்பவர்களின் கடிதம் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்துக்குப் போய்த்தான் கைக்கு வரும். தோட்டத்துக்கு எதிராக நீங்கள் போட்ட முறைப்பாட்டின் விசாரணைத் தேதியும் அதே மேசைக்குத்தான் போகும். விசாரணை முடிந்த பிறகு கடிதம் கிடைத்தவர்கள் உண்டு. அதனால் விண்ணப்பத்தில் ‘கடிதத் தொடர்பு முகவரி’ என்ற இடத்தில், டவுனில் நம்பிக்கையான ஒரு கடைக்காரரின் முகவரியையோ உறவினரின் முகவரியையோ எழுதுங்கள். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.