விமானத்துக்கு மாற்றிய கார் எஞ்சினில் ஃபயரிங் ஆர்டரைச் சரிபார்க்கும் முறை

காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை, 1-4-3-2 என்பது அதில் கைவைத்த எவருக்கும் மனப்பாடமாக இருக்கும். அதைச் சிறு விமானத்தில் பொருத்தும்போது பிளக் ஒயர்கள் மாறிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் எது ஒன்றாம் சிலிண்டர் என்ற குழப்பமே. காரில் ஃப்ளைவீல் (எஞ்சினின் ஒரு முனையிலுள்ள கனமான சக்கரம்) வண்டியின் முன்பக்கம் நோக்கியிருக்க, ஒன்றாம் சிலிண்டர் வலப்பக்கம் முன்னால் இருக்கும். புரொப்பெல்லரை ஃப்ளைவீலுக்கு எதிர்முனையான புல்லிப் பக்கத்தில் மாட்டி விமானத்தின் மூக்கில் வைத்தால் எஞ்சினே திரும்பிவிடுகிறது; அதே சிலிண்டர் இப்போது விமானிக்கு இடப்பக்கம் பின்னால் நிற்கும். ஆகவே கார் கையேட்டின் எண்களையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரின் மேலும் பெயிண்டால் எழுதிவிட வேண்டும். ஒட்டும் டேப் எண்ணெய் பட்டால் உரிந்துவிடும்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வாலைக் கட்டி, பெட்ரோல் வால்வை மூடிய பிறகு எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். பேட்டரி இல்லாமலே தீப்பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னெட்டோவை ஆஃப் செய்வது என்பது அதை ஓர் ஒயரால் எர்த் செய்வதுதான். அந்த ஒயர் அறுந்திருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் தீப்பொறி வரும் என்பதால், புரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும்.

ஒன்றாம் சிலிண்டரின் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே, அதாவது புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றாக, புரொப்பெல்லரை மெல்லத் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் கட்டம். அங்கிருந்து புல்லிக் குறியை டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு, கொண்டுவாருங்கள். குறியை மட்டும் நம்பக் கூடாது. ஏனெனில் அதே நேரத்தில் மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டனும் உச்சியில்தான் நிற்கும். வால்வு மூடியைத் திறந்தால் ஐயம் தீர்ந்துவிடும்: ஒன்றில் வால்வுகளை அழுத்தும் இரு ராக்கர்களும் கையால் அசைத்தால் லேசாக ஆடும், மூன்றிலோ புரொப்பெல்லரைச் சற்று அசைத்தாலே வால்வுகள் அசையும். பிறகு அரைச் சுற்றுக்கு ஒன்றாக 4, 3, 2 என்று கம்ப்ரஷன் வர வேண்டும். வராவிட்டால் எழுதிய எண்களில்தான் பிழை.

மீண்டும் ஒன்றின் டி.டி.சி.யில் நிறுத்தி பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே சுற்றும் ரோட்டார் காட்டும் முனையின் ஒயர் ஒன்றாம் சிலிண்டருக்குப் போக வேண்டும். மேக்னெட்டோ எனில் ரோட்டார் சுற்றும் திசை அது இயக்கப்படும் விதத்தைப் பொறுத்து மாறுமாதலால், திருப்பிப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ரோட்டார் கால் சுற்று நகரும். அந்த வரிசையில் ஒயர்களைக் கையால் தடவியே முனை முதல் பிளக் வரை தொடர வேண்டும், ஏனெனில் கட்டாகக் கட்டிய ஒயர்களில் கண் எளிதில் ஏமாறும்.

ஒரே இக்னிஷன் காயில் (தீப்பொறிக்கான மின்சுருள்) இரு சிலிண்டர்களுக்கும் சேர்த்துத் தீப்பொறி தரும் அமைப்பில் 1-3 ஒரு ஜோடி, 2-4 மற்றொன்று. ஜோடிக்குள் ஒயர் மாறினால் பாதகமில்லை, ஜோடி விட்டு ஜோடி மாறினால் எஞ்சின் ஓடாது. சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள் இருந்தால் இரண்டாம் தொகுதியையும் தனியே முழுவதும் தொடருங்கள். இரண்டும் ஆனில் இருக்கையில் எஞ்சின் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தாலும், தரையில் ஒவ்வொன்றாக ஆஃப் செய்து பார்க்கும்போது கார்புரேட்டரில் வெடித்தாலோ கடுமையாக அதிர்ந்தாலோ, உடனே நிறுத்தி, ஓடிக்கொண்டிருந்த அந்தத் தொகுதியின் ஒயர்களை முதலிலிருந்து தொடர்ந்து பாருங்கள்.