புத்தம், சீக்கியம், தாவோ, கன்பூசியஸ்: நம்மாளுங்க அடிக்கடி பண்ற தப்புங்க

போட்டித் தேர்வு நோட்ஸ்ல இந்த நாலும் நாலே வரில முடிஞ்சிடும். புத்தர் ஆசையை விடச் சொன்னாரு, சீக்கியம்னா இந்து மதமும் இஸ்லாமும் கலந்தது, தாவோன்னா சும்மா இருக்கிறது, கன்பூசியஸ்னா பெரியவங்க பேச்சைக் கேளு. மார்க்கு வேணா கெடைக்கும், ஆனா அந்த வழியில வாழுற ஒருத்தர்கிட்ட போய் இதச் சொன்னா அவங்க மனசு எவ்ளோ கஷ்டப்படும்னு யோசிங்க, அதனாலதான் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

சீக்கியத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்கதான் தப்பு ஜாஸ்தி. குரு நானக் 1469ல பொறந்தாரு, அந்த ஊர் இப்போ பாகிஸ்தான்ல இருக்கிற நன்கானா சாகிப். உருவம் இல்லாத ஒரே கடவுள், அவதாரம் கெடையாது, சிலை கெடையாது, ஜாதி கெடையாது, உழைச்சு சாப்பிடு, பகிர்ந்து சாப்பிடு, இதெல்லாம் தனியா நிக்கிற ஒரு போதனை, ரெண்டு மதத்துல இருந்து பாதி பாதி எடுத்து ஒட்டுனது இல்ல. 1604ல அஞ்சாவது குரு அர்ஜன் தேவ் ஆதி கிரந்தங்கிற சீக்கியப் புனித நூலைத் தொகுத்தப்போ நெசவாளி கபீர், தோல் வேலை செஞ்ச ரவிதாஸ், சூஃபி ஷேக் ஃபரீத் பாட்டையெல்லாம் சேர்த்தாரு. இதப் பார்த்துட்டுதான் பல பேர் கலவைன்னு முடிவு பண்ணிடுறாங்க. ஆனா தங்களோட போதனைக்கு ஒத்துப்போறத மட்டும் தேர்ந்தெடுத்துதான் சேர்த்திருக்காங்க, அதுவும் கீழ்சாதின்னு ஒதுக்கப்பட்டவரோட பாட்டு குருமார் பாட்டு கூடவே புனித நூல்ல உக்காந்திருக்குன்னா அந்தக் காலத்துல அது எவ்ளோ பெரிய விஷயம்.

அடுத்தது, புக்கையே சாமியா கும்பிடுறாங்கன்னு சொல்றது. 1708ல நாந்தேட்ல பத்தாவது குரு கோபிந்த் சிங், இனிமே மனுஷ குரு கெடையாது, கிரந்தம்தான் குருன்னு சொல்லிட்டாரு. அதனால அவங்களுக்கு அது உயிரோட இருக்கிற குரு மாதிரி. காலையில மரியாதையா எடுத்துட்டு வந்து பிரிச்சு வைப்பாங்க, பக்கத்துல சாமரம் வீசுவாங்க, ராத்திரி மூடி தனி ரூம்ல படுக்கை போட்டு வைப்பாங்க. காலையில ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வர்ற பாட்டைப் படிப்பாங்க, அன்னைக்கு குருவோட கட்டளை அதுதான். குருகிட்ட கேட்டு நடக்கிறதுதான் அங்க முக்கியம்.

டர்பனும் அஞ்சு அடையாளத்துல ஒண்ணுன்னு நெறைய பேர் எழுதுறாங்க. 1699ல ஆனந்த்பூர்ல கால்சாங்கிற தீட்சை வாங்கின சீக்கியர் அமைப்பு ஆரம்பிச்சப்போ வந்த அஞ்சு: வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளையம், கச்சைங்கிற அரைக்கால் உள்ளாடை, கிர்பான்ங்கிற சின்ன வாள். தலைப்பாகை அந்த முடியை மதிச்சுக் காப்பாத்துறதுக்கு. சிங்னு பேர் வச்சவங்க எல்லாம் சீக்கியரும் இல்ல, ராஜபுத்திரர்லயும் அந்தப் பேர் உண்டு. சர்தார்ஜி ஜோக்கையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

புத்தத்துக்கு வருவோம். குண்டா சிரிச்சிட்டு இருக்கிற பொம்மை கௌதம புத்தர் இல்ல, அது புதாய்ங்கிற சீனத் துறவி. இது சின்னத் தப்பு. பெரிய தப்பு, எதையும் வேணும்னு நெனைக்கக் கூடாதுன்னு புத்தர் சொன்னதா நெனைக்கிறது. அவர் காட்டின எட்டு வழியில நல்ல முயற்சியும் ஒண்ணு, முயற்சி பண்ணணும்னா ஏதோ ஒண்ணு வேணும்தானே. அவரே பட்டினி கெடந்து உடம்பை வாட்டிப் பார்த்துட்டு இது பிரயோஜனம் இல்லன்னு விட்டவரு. துன்பத்துக்கு வேர் தேடிப் போனா ஆசைக்கும் பின்னாடி அறியாமை இருக்கு, நம்ம மணிமேகலையிலயே புத்தத் துறவி அறவண அடிகள் சொல்ற பன்னிரண்டு சார்புகள், அதாவது ஒண்ணுல இருந்து ஒண்ணா துன்பம் வர்ற சங்கிலி, பேதைமையிலதான் ஆரம்பிக்குது. தமிழ்லயே இவ்ளோ தெளிவா இருக்கு, ஆனா நாம அந்த ஒரு வரியையே சொல்லிட்டு இருக்கோம்.

சீனாவோட தாவோ வழியை சோம்பேறித்தனம்னு நெனைக்கிறவங்க சுவாங்சுங்கிற பழைய தாவோ நூல்ல வர்ற சமையல்காரர் கதையைப் படிக்கணும். அவர் மாடு வெட்டுறாரு, கத்தி 19 வருஷமா தீட்டவே இல்ல, புதுசு மாதிரியே இருக்கு. எலும்பு மேல மோதாம மூட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில கத்தியை விடுறாரு, சிக்கலான இடம் வந்தா நிதானிச்சு மெதுவா போறாரு. தாவோ சொல்ற வலுக்கட்டாயம் பண்ணாம இருக்கிறதுன்னா இதுதான், பல வருஷ பழக்கம் இல்லாம வராது. அப்புறம் தாவோ வெறும் தத்துவம் மட்டும் இல்ல, கிபி 142ல சாங் தாவோலிங் தொடங்கின மரபுல இருந்து பூசாரி, சடங்கு, கோயில் எல்லாம் உண்டு.

கன்பூசியஸுக்குத்தான் ரொம்ப அநியாயம் நடக்குது. கிமு 551ல லூ நாட்டுல பொறந்தவரு, கீழ்ப்படின்னு மட்டும் சொன்னவரா ஆக்கிட்டாங்க. அவர் மரபோட பிள்ளைக் கடமை நூல்ல ஒரு சீடர், அப்பா சொன்னதைக் கேட்டா போதுமா அதுதான் பிள்ளைக் கடமையான்னு கேப்பாரு. என்ன பேச்சு இதுன்னு கன்பூசியஸ் கடிஞ்சுக்கிறாரு, அப்பா தப்பான வழியில போறப்போ எடுத்துச் சொல்ற பையன் வேணும், அரசனுக்கும் அப்படி எடுத்துச் சொல்ற அமைச்சர் வேணும்னு சொல்றாரு. லாயம் எரிஞ்சப்போ குதிரையைப் பத்தி விசாரிக்கல, யாருக்காவது அடிபட்டுச்சான்னுதான் கேட்டாரு, இது அவர் பேச்சுகள் இருக்கிற லுன்யூங்கிற நூல்ல இருக்கு. லுன்யூ அவர் எழுதினது இல்ல, சீடர் வழி வந்தவங்க தொகுத்தது, மொத்தமே 20 அத்தியாயம்தான். வாட்ஸாப்ல அவர் பேர்ல ஒரு பொன்மொழி வந்தா அது லுன்யூவுல எந்த அத்தியாயம்னு கேளுங்க, பதில் வரலன்னா ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

கடைசியா ஒண்ணு, சீனக் குடும்பத்துக்கிட்ட நீங்க புத்தமா தாவோவான்னு கேட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வைக்காதீங்க. வீட்ல முன்னோர் படையலும் இருக்கும், குவான் யின்ங்கிற கருணை தெய்வத்தையும் கும்பிடுவாங்க, இழவுக்கு தாவோ பூசாரியும் வருவாரு. சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல குவான் யின் கோயிலுக்குப் பக்கத்துலயே கிருஷ்ணன் கோயில் இருக்கு, ஊதுபத்தி ஏத்தி அங்கயும் கும்பிட்டுட்டுப் போற சீனர்களை எந்த நாளும் பார்க்கலாம்.