போன் அம்மாவுடையது, பார்ப்பது பிள்ளை

குடியாத்தத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்ற, சார்ஜிங் பின் மாற்ற வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருவது அம்மாக்கள்தான். "தம்பி, பையன் கண்டதையும் பார்க்கிறான், ஏதாவது லாக் போட்டுக் குடுப்பா" என்பார்கள். கோடை லீவில் இது இன்னும் கூடும். நம் ஊர் மே மாத வெயிலில் பிள்ளைகள் தெருவில் இறங்க முடியாது. அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார். அப்பா தறியிலோ, பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனியிலோ இருப்பார். போன் பிள்ளையின் கையில் இருக்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி வரும் ஆலோசனைகளில் பாதிக்கு மேல், பிள்ளைக்குத் தனி போன் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்லப்படுபவை. நம் வீடுகளில் இருப்பது ஒரே போன். அம்மாவின் ஜிமெயில், பேங்க் மெசேஜ், ஜிபே, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப் எல்லாம் அதில்தான். அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருப்பதே அந்தப் போனுக்குத் தெரியாது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாம் வகுப்புப் பையனின் அம்மா ஒருவர் கொண்டுவந்த போனில் கூகுள் கணக்கைத் திறந்து காட்டினேன். பிறந்த வருடம் 1986 என்று இருந்தது. யூடியூப்பைத் திறந்தால் கார்ட்டூனுக்குக் கீழே கொலைச் செய்தி, அதற்குக் கீழே அரைகுறை உடையில் ஒரு ஷார்ட்ஸ். "நான் இதெல்லாம் பார்க்கிறதே இல்லப்பா" என்று அந்த அக்கா பதறிவிட்டார். அவர் பார்க்கவில்லை, பையனும் தேடவில்லை. வயது வந்த ஒருவர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு யூடியூப் தானாகவே எடுத்துப் போடுகிறது. பிள்ளையின் வயதைப் போனுக்குத் தெரியப்படுத்துவதுதான் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை.

வீட்டில் பழைய போன் ஒன்று கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, பேட்டரி மட்டும் உப்பியிருக்கக் கூடாது. உப்பியிருந்தால் மாற்றாமல் பிள்ளையிடம் கொடுக்கவே வேண்டாம். போட்டோக்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, பழைய ஜிமெயில் கணக்கைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, அப்புறம் ரீசெட் போடுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் போட்டால் போன் பழைய பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். அது மறந்துபோய்க் கடைக்கு வருகிறவர்கள் ஏராளம்.

ரீசெட் ஆனதும் பிள்ளையின் பெயரில், உண்மையான பிறந்த தேதி போட்டு, புது கூகுள் கணக்கு உண்டாக்குங்கள். 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் கூகுள் பெற்றோரின் கணக்கையும் கேட்கும். பேமிலி லிங்க் என்ற ஆப்பை உங்கள் போனில் ஏற்றிக்கொண்டால் இரண்டும் இணைந்துவிடும். காசு கிடையாது. பிள்ளை எந்த ஆப்பை இறக்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையில். அந்தப் பழைய போனில் சிம் போடாதீர்கள். சிம் இல்லை என்றால் ஓடிபி வராது, யுபிஐ வராது, முன்பின் தெரியாதவர்கள் நம்பருக்குக் கூப்பிடவும் முடியாது. உங்கள் ஹாட்ஸ்பாட் போதும். அதை அணைத்தால் இன்டர்நெட்டும் நின்றுவிடும். பள்ளிக்கூட வாட்ஸ்அப் உங்கள் போனிலேயே இருக்கட்டும். வீட்டுப்பாடம் பார்க்க வேண்டுமானால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பழைய போன் இல்லை, ஒரே போன்தான் என்றால் பேமிலி லிங்க் சரிப்படாது. உங்கள் கணக்கு இருக்கிற போனில் பிள்ளையின் கணக்கையும் அப்படி வைக்க முடியாது. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. முதல் வேலையாக ஸ்கிரீன் லாக்கை மாற்றுங்கள். மாற்றியதைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். "பாப்பாவுக்கு எல்லா பேட்டர்னும் தெரியும்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களை தினமும் பார்க்கிறேன். பெருமைப்படலாம்தான், ஆனால் பேங்க் இருக்கிற போனில் அது வேண்டாம். அப்புறம், செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் ஆப் பின்னிங் என்று ஒன்று இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், மேலே தேடும் கட்டத்தில் 'பின்' என்று அடித்தால் வந்துவிடும். அதைப் போட்டுக் கொடுத்தால் பிள்ளை நீங்கள் திறந்து கொடுத்த ஆப்பிலேயேதான் இருக்க முடியும். வெளியே வரும்போது லாக் கேட்கும் தேர்வையும் அங்கேயே போட்டுவிட்டால், வெளியே வர உங்கள் லாக் வேண்டும்.

திறந்து கொடுக்கிற ஆப் எது? சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ். அதில் நீங்கள் ஒப்புக்கொண்ட வீடியோக்களும் சேனல்களும் மட்டும் வரும்படி வைக்கலாம். அப்படி வைத்தால் தேடும் வசதியே இருக்காது. ஒரு முறை பொறுமையாக உட்கார்ந்து சேனல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய பிள்ளை, பாடத்துக்கு யூடியூப் வேண்டும் என்கிறது என்றால், செட்டிங்ஸில் ரெஸ்ட்ரிக்டட் மோடைப் போடுங்கள், ஆட்டோபிளேவை நிறுத்துங்கள். ரெஸ்ட்ரிக்டட் மோடு எல்லாவற்றையும் வடிகட்டிவிடாது. ஓரளவு குறைக்கும்.

இனி பணம். நம் வீடுகளில் ஜிபே, போன்பே போடுவது பல நேரம் பிள்ளைதான். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆயாவுக்குக் கண் தெரியாது, எட்டாவது படிக்கிற பெண் "குடுங்க, நான் போடறேன்" என்று பால்காரருக்கும் சீட்டுக்கும் அனுப்பிவிடுவாள். உதவிதான். ஆனால் யுபிஐ பின் அவளுக்கும், பக்கத்தில் நிற்கிற தம்பிக்கும் தெரிந்துவிடுகிறது. தம்பி ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறவன், அவனுக்கு அந்த விளையாட்டுக்குள் காசு கொடுத்து வாங்கும் டைமண்ட் வேண்டும். பின்னை மாற்றி நீங்களே அடியுங்கள். நான்கோ ஆறோ எண்கள்தான், பழகிவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று யுபிஐ லைட். சின்னத் தொகைகளைப் பின் கேட்காமலேயே அனுப்ப உண்டாக்கியது அது. கடையில் டீக்குக் கொடுக்க வசதி, பிள்ளை கையில் போன் இருந்தால் ஆபத்து. அதில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு மூடிவிடுங்கள். அப்படியே ஆட்டோபே பகுதியையும் திறந்து, நீங்கள் அறியாத மாதச் சந்தா ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்து ரத்து செய்யுங்கள். முடிந்தால் மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கையும் சம்பளக் கணக்கையும் யுபிஐயில் இணைக்காதீர்கள். யுபிஐக்கென்று வேறொரு கணக்கில் கொஞ்சமாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளே ஸ்டோரில் செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். அங்கேயே பேரன்டல் கண்ட்ரோல்ஸ் இருக்கிறது. வயது வரம்பு போட்டு, அதற்குத் தனிப் பின் வைக்கலாம். பிள்ளை ஏற்கெனவே ஏதாவது வாங்கிவிட்டது என்றால் அடிக்கப் போகாமல் உடனே கூகுள் பிளேயில் ரீஃபண்ட் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது. கண்டிப்பாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது. வெளி ஆள் ஏமாற்றிப் பணம் எடுத்தது என்றால் அது வேறு, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. 'விளையாடிச் சம்பாதி' என்று வரும் லிங்க் எதையும் தொடவே வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது.

இன்ஸ்டாகிராம் 13 வயதுக்குக் கீழ் கிடையாது. அதற்குமேல் உள்ள பிள்ளை வைத்திருந்தால், பிறந்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் பொய்த் தேதியாகத்தான் இருக்கும். 2025-இலிருந்து இந்தியாவிலும் டீன் அக்கவுண்ட் முறை வந்துவிட்டது. உண்மையான வயது இருந்தால் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், முன்பின் அறியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை நோட்டிபிகேஷன் நிற்கும். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் அதைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோரின் அனுமதி வேண்டும். பொய்த் தேதி போட்டால் இந்தக் காவல் எதுவும் கிடைக்காது. அக்கவுண்ட்ஸ் சென்டரில் போய்த் தேதியைத் திருத்தச் சொல்லுங்கள். பிடுங்கித் திருத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையாலேயே.

வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் குரூப்ஸ் என்று இருக்கும். அதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் தெரியாத ஆட்கள் உங்களைக் குரூப்பில் சேர்க்க முடியாது. பள்ளிக்கூடப் பெயர் தெரியும் யூனிபார்மோடு பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நம் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போன படம் என்றால், கூட்டத்தை விட்டு வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள்.

இனிச் சொல்லப்போவது முக்கியமானது. விளையாட்டுக்குள் பேசும் சாட்டிலும் இன்ஸ்டாவிலும் பிள்ளை வயதுக்காரர் போலப் பேசி நட்பாகி, படம் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். முதலில் சாதாரணப் படம், பிறகு வேறு மாதிரிப் படம். ஒன்று கிடைத்துவிட்டால் "பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உங்க அம்மாவுக்கும் ஸ்கூல் குரூப்புக்கும் அனுப்பிடுவேன்" என்பார்கள். பையன்களையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளை உங்களிடம் வருமா என்பது, அதற்கு முன்பு சின்னத் தப்புக்கெல்லாம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. "யாராவது தப்பா பேசினா என்கிட்ட வந்து சொல்லு, போனைப் புடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

அப்படி வந்து சொன்னால், "உன் மேல தப்பில்லை" என்று முதலில் சொல்லுங்கள். பணம் அனுப்பவே கூடாது. ஒரு முறை அனுப்பினால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். மிரட்டல் மெசேஜ், அந்த ஆளின் பெயர், புரொபைல் லிங்க், நம்பர், யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். சாட்டை அழிக்காதீர்கள். பிள்ளையின் அந்தப் படத்தை மட்டும் சாட்சிக்கு என்று சொல்லிக்கூட சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ அனுப்பாதீர்கள். அப்படிப் பரப்புவதே குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் படம் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை நாம் அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும்தான் போகும். அதை வைத்து, அதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

புகாருக்கு 1930, அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட புகாரை அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். சைல்டுலைன் 1098 எந்நேரமும் எடுப்பார்கள், பிள்ளையே கூப்பிட்டுப் பேசலாம். ஸ்டேஷனுக்குப் போனால் மானம் போகும் என்று பயந்துதான் பலரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், கூடியவரை பெண் அதிகாரி வாங்க வேண்டும், யூனிபார்மில் வரக்கூடாது. ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ பள்ளியையோ பத்திரிகையில் போடக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள், தைரியமாகக் கேளுங்கள்.

இப்படி ஒன்று நடந்ததும் கோபத்தில் போனைத் தூக்கிக்கொண்டு "எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் போட்டுக் குடு" என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. நான் போட மாட்டேன். வேறு கடைக்காரர் போட்டுத் தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். அந்த ஆளைப் பிடிக்க இருக்கிற ஆதாரம் அந்தப் போன்தான். போலீஸ் பார்க்கிற வரைக்கும் போனை அப்படியே வைத்திருங்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மனநல ஆலோசனை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.